சாவி கொடுக்கும் வேலை: துபாய் ஓட்டலில் வரவேற்பாளர்

ஊருக்குப் புதிதாக வருகிறவர் முதலில் தேடுவது எதை? தங்குவதற்கு ஓர் இடத்தை. அங்கே அவர் முதலில் பார்ப்பது யாரை? முதலாளியை அல்ல. மானேஜரையும் அல்ல. வாசலுக்கு நேரே, உயரமான மேஜைக்குப் பின்னால் நிற்கும் வரவேற்பாளரைத்தான்!

"வாருங்கள். பிரயாணம் சுகமாக இருந்ததா?" என்று கேட்பவர் அவர். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பவர் அவர். கையெழுத்து வாங்கி, சாவி கொடுத்து, அறைக்கு அனுப்புகிறவரும் அவர்தான்.

இந்த வேலைக்காகக் கடல் கடந்து போகிறவர்களில் தமிழ் இளைஞர்களும் உண்டு, பெண்களும் உண்டு. சிங்கப்பூருக்கும் மாலத்தீவுக்கும் போகிறவர்கள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வளைகுடா என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் ஊர் துபாய்.

நல்ல உடை. குளிர்சாதன அறை. உலகத்து மனிதர்களோடு பேச்சு. பார்ப்பதற்கு இது சொகுசான வேலை. ஆனால், மேஜைக்கு முன்னால் நின்று பார்த்தால் தெரிவது ஒன்று; பின்னால் நின்றால் தெரிவது வேறு. போகுமுன் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்றரை லட்சம் அறைகள்

ஐக்கிய அரபு நாடு என்பது ஏழு சிறு அரசுகள் சேர்ந்த கூட்டு நாடு. 1971 டிசம்பர் 2-ந் தேதி அது பிறந்தது. அந்த ஏழு அரசுகளில் ஒன்றுதான் துபாய்.

அந்தப் பகுதிக்கும் இந்தியாவுக்கும் உறவு பழையது. ஒரு காலத்தில் அங்கே கடைத்தெருவில் இந்திய ரூபாய்தான் புழங்கியது. 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு அச்சிட்டது. 1966 வரை துபாயில் அந்த நோட்டு செல்லுபடியானது. துபாயில் எண்ணெய் கிடைத்ததும் அதே 1966-ல்தான்.

எண்ணெய் என்றைக்கும் ஊறாது என்பது துபாய் ஆட்சியாளர்களுக்குத் தெரியும். ஆகவே துறைமுகம் கட்டினார்கள். விமான நிலையத்தைப் பெரிதாக்கினார்கள். ஓட்டல்களைக் கட்டினார்கள். பாய்மர வடிவில் கடலோரத்தில் நிற்கும் "புர்ஜ் அல் அராப்" ஓட்டல் 1999-ல் திறக்கப்பட்டது. உலகிலேயே உயரமான "புர்ஜ் கலீபா" கட்டிடம் 2010-ல் திறக்கப்பட்டது. அதன் உயரம் 828 மீட்டர்.

2024-ம் ஆண்டில் துபாய்க்கு வந்து தங்கிய வெளிநாட்டார் எத்தனை பேர்? 1 கோடியே 87 லட்சம் பேர்! அவர்கள் தங்குவதற்கு அங்கே சுமார் ஒன்றரை லட்சம் ஓட்டல் அறைகள் இருக்கின்றன.

இத்தனை அறைகளுக்கும் சாவி கொடுக்க ஆள் வேண்டும் அல்லவா? அந்த ஆட்கள் இந்தியாவிலிருந்தும், பிலிப்பைன்ஸிலிருந்தும், நேபாளத்திலிருந்தும், இலங்கையிலிருந்தும், இன்னும் பல நாடுகளிலிருந்தும் வருகிறார்கள்.

மேஜைக்குப் பின்னால்

வரவேற்பாளருக்கு உட்கார நாற்காலி இருப்பது அபூர்வம். பெரும்பாலான ஓட்டல்களில் வேலை நேரம் முழுவதும் நிற்க வேண்டியதுதான். முதல் மாதம் கால் வீங்கும். பிறகு பழகிவிடும்.

ஓட்டல் மூடுவதே இல்லை. ஆகவே வேலை மூன்று வேளையாகப் பிரியும். காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம், இரவில் ஒரு கூட்டம். இதை "ஷிப்டு" என்கிறார்கள். இந்த வாரம் காலை என்றால் அடுத்த வாரம் இரவாக இருக்கலாம்.

காலை ஷிப்டில் அறையைக் காலி செய்கிறவர்கள் அதிகம். எல்லாருக்கும் அவசரம். எல்லாருக்கும் விமானம் பிடிக்க வேண்டும். கணக்கைக் கூட்டி, பணத்தை வாங்கி, ரசீது கொடுத்து அனுப்ப வேண்டும். பிற்பகலில் புதிதாக வருகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். சிலர் விடியற்காலையிலேயே வந்துவிடுவார்கள். முந்தின விருந்தினர் இன்னும் அறையைக் காலி செய்திருக்க மாட்டார். வந்தவரோ பத்து மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து களைத்திருப்பார். அவருடைய கோபம் யார் மேல் பாயும்? எதிரே நிற்கும் வரவேற்பாளர் மேல்தான்!

வரி விஷயத்திலும் சண்டை வரும். துபாயில் 2014 முதல் ஓட்டல் அறைக்கு ஒரு கட்டணம் உண்டு. "டூரிசம் திர்ஹாம்" என்று அதற்குப் பெயர். ஓட்டலின் தரத்தைப் பொறுத்து ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 7 திர்ஹாம் முதல் 20 திர்ஹாம் வரை வாங்குவார்கள். ஊரிலிருந்தே அறைக்குப் பணம் கட்டிவிட்டு வந்தவர், "இது என்ன புதுச் செலவு?" என்று கேட்பார். அது சர்க்கார் விதித்த கட்டணம் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் முப்பது முறை சொல்ல வேண்டியிருந்தாலும், முப்பதாவது முறையும் முதல் முறைபோல் முகம் இருக்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சில பேர் அறை கேட்டுவிட்டு வராமல் இருந்துவிடுவார்கள். அதனால், இருக்கும் அறைகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஓட்டல்கள் முன்பதிவு வாங்குவது உண்டு. என்றைக்காவது எல்லாரும் வந்துவிட்டால்? கடைசியாக வந்தவருக்கு அறை இராது. அவரை வேறோர் ஓட்டலுக்கு அனுப்பிவைக்க வேண்டும். வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். முடிவு செய்தவர் மேலதிகாரி. ஆனால் விருந்தினரின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டியவர் வரவேற்பாளர்.

யாரிடம் சாவி?

இந்த வேலையில் இனிய பேச்சைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அது எச்சரிக்கை.

ஒருவர் வேகமாக வருகிறார். "என் மனைவி 900-ம் எண் அறையில் இருக்கிறாள். இன்னொரு சாவி கொடுங்கள்" என்கிறார்.

"அந்த அறையில் உங்கள் பெயர் பதிவாகவில்லை, ஐயா. அவர்களிடம் டெலிபோனில் கேட்டுவிட்டுத் தருகிறேன்."

"என் மனைவியைப் பார்க்க உங்கள் அனுமதி வேண்டுமா? மானேஜரைக் கூப்பிடுங்கள்!"

அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். பொய்யாகவும் இருக்கலாம். மனைவியை அடித்துத் துரத்திய கணவனாக அவன் இருந்தால்? ஆகவே, எவ்வளவு அதட்டினாலும் பதிவில் பெயர் இல்லாதவருக்குச் சாவி கொடுக்கக் கூடாது. பெயர் இருந்தாலும் அடையாளச் சீட்டைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது.

அறை எண்ணை வாய்விட்டு உரக்கச் சொல்வதும் தவறு. பக்கத்தில் நிற்பவன் காதில் விழும். ஆகவே நல்ல வரவேற்பாளர் எண்ணைச் சிறு அட்டையில் எழுதி, விரலால் சுட்டிக் காட்டுவார். "இன்னார் உங்கள் ஓட்டலில் தங்கியிருக்கிறாரா? எந்த அறை?" என்று டெலிபோனில் யார் கேட்டாலும் எண்ணைச் சொல்ல மாட்டார்.

ஓர் ஊரே நிம்மதியாகத் தூங்குவது காவல்காரனை நம்பி. ஓட்டலில் தூங்குகிறவர்களுக்கு அந்தக் காவல்காரர் வரவேற்பாளர்தான்!

இரவுக் கணக்கு

நள்ளிரவில் கூட்டம் குறையும். ஆனால் வேலை குறையாது. அப்போதுதான் "நைட் ஆடிட்" என்னும் இரவுக் கணக்கு நடக்கும். அன்றைய அறை வாடகை, சாப்பாடு, சலவை எல்லாவற்றையும் அந்தந்த விருந்தினரின் கணக்கில் ஏற்ற வேண்டும். பெட்டியில் இருக்கும் பணமும் ஏட்டில் இருக்கும் பணமும் ஒத்துப்போக வேண்டும். சரியாக இருந்தால்தான் கம்ப்யூட்டரில் அடுத்த நாள் பிறக்கும்.

பத்து திர்ஹாம் குறைந்தாலும் தேட வேண்டும். அதனால் இந்த வேலைக்கு இங்கிலீஷ் பேச்சு மட்டும் போதாது. கூட்டல் கழித்தலில் பிழை வராத கையும் வேண்டும். அரபு மொழியில் நாலு வார்த்தை தெரிந்தால் நல்லது. இந்தி தெரிந்தால் இன்னும் நல்லது.

தமிழ்நாட்டிலேயே இதற்குப் படிக்கலாம். சென்னை தரமணியில் மத்திய சர்க்காரின் ஓட்டல் நிர்வாகக் கல்லூரி 1963 முதல் இருக்கிறது. திருச்சிக்குப் பக்கத்தில் துவாக்குடியில் மாநில ஓட்டல் நிர்வாகக் கல்லூரி இருக்கிறது.

பொங்கலுக்கு லீவு இல்லை

துபாயில் கோடையில் வெயில் கொளுத்தும். நவம்பர் முதல் மார்ச்சு வரை இதமான குளிர். உல்லாசப் பயணிகள் வந்து குவிவது அப்போதுதான். ஓட்டல் நிறைந்திருக்கும்போது வேலையாளுக்கு லீவு கிடைக்குமா? கிடைப்பது கஷ்டம்.

ஆகவே கிறிஸ்துமசுக்கு வர முடியாது. பொங்கலுக்கும் வர முடியாது. ஊரில் புதுப்பானையில் பால் பொங்கும் நேரத்தில் அங்கே மேஜைக்கு முன்னால் வரிசை நின்றுகொண்டிருக்கும். லீவு கிடைப்பது பெரும்பாலும் வெயில் காலத்தில். அப்போது ஊரில் பொங்கலும் இராது, கிறிஸ்துமசும் இராது.

துபாய்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. மாலை ஷிப்டு முடித்து, ஓட்டல் பஸ் ஏறி, விடுதிக்கு வந்து சேரும்போது ஊரில் நள்ளிரவு தாண்டியிருக்கும். ஆனாலும் அம்மா விழித்திருப்பாள்.

"சாப்பிட்டியா கண்ணு?"

"சாப்பிட்டேம்மா. நீ ஏன் இன்னும் தூங்கலே?"

"தூக்கம் வரலே. உன் குரலைக் கேட்டா வரும்."

அறையில் தனக்கு ஒரு கட்டில்தான் என்பதையோ, ஒரே அறையில் வேறு இரண்டு மூன்று பேர் படுத்திருப்பதையோ மகள் சொல்ல மாட்டாள். பகலில் பூசிய சிரிப்பு இரவில் அம்மாவுக்காகவும் கொஞ்சம் மிச்சம் வைக்கப்படும்!

எல்லாமே துன்பம் என்று நினைத்துவிடக் கூடாது. விடுதியும், வேலை நேரத்துச் சாப்பாடும், போக்குவரத்தும் பல ஓட்டல்களில் இனாம். சம்பளத்துக்கு அங்கே வருமான வரி கிடையாது. ரம்சான் மாதத்தில், எந்த மதத்தவரானாலும், அன்றாட வேலை நேரத்தில் இரண்டு மணி குறையும். விடுமுறை நாளில் கராமா பகுதிக்குப் போனால் இட்லியும் தோசையும் கிடைக்கும். நல்ல ஓட்டலில் இரண்டு மூன்று வருஷம் வேலை பார்த்தவருக்கு உலகில் எங்கே போனாலும் மதிப்பு உண்டு. தங்கையின் கல்யாணமும், ஊரில் ஒரு வீடும் இந்தச் சம்பளத்தால் நடந்தது என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு.

ஆனால் இந்த நன்மையெல்லாம் ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது. போகுமுன் என்ன காகிதத்தில் கையெழுத்துப் போட்டார் என்பதே அது!

படித்தவருக்குக் காவல் குறைவு

இதைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். படிக்காதவருக்கு நம் சர்க்கார் போட்டிருக்கும் வேலி, படித்தவருக்கு இல்லை.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் "இ.சி.ஆர்." என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வேலைக்காக ஐக்கிய அரபு நாடு, சவூதி, குவைத்து, ஓமான், மலேசியா உள்பட 18 நாடுகளுக்குப் போக வேண்டுமானால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி வேண்டும். ஒப்பந்தத்தைப் பார்த்த பிறகே அனுமதி கிடைக்கும். 10 லட்ச ரூபாய் விபத்து இன்ஷூரன்சும் கட்டாயம். 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு இது.

வரவேற்பாளர் வேலைக்குப் போகிறவர்கள் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள். பலர் பட்டதாரிகள். அவர்களுக்கு இந்த அனுமதி தேவை இல்லை. விமானம் ஏறிப் போய்விடலாம். அவர்களுடைய ஒப்பந்தத்தை யாரும் பார்ப்பதில்லை. அவர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2018 நவம்பரில் இந்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. சில நாட்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. கட்டாயம் போய், விருப்பம் ஆயிற்று.

ஆகவே படித்தவருக்குக் காவல் அவர் படிப்புத்தான். அந்தப் படிப்பைக் கொண்டு ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்!

இனி, என்ன படிக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

தமிழிலேயே படிக்கலாம்

ஐக்கிய அரபு நாட்டில் வேலைக்கு அழைக்கும் முதலாளி, முதலில் "வேலை அளிப்புக் கடிதம்" தர வேண்டும். சம்பளம் எவ்வளவு, வேலை என்ன, லீவு எத்தனை நாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். தொழிலாளர் அமைச்சகம் வகுத்த படிவம் அது. வேலையாள் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும். பிறகு அங்கே போய்ப் போடும் ஒப்பந்தம் இதை ஒட்டியே இருக்க வேண்டும். 2016 ஜனவரி முதல் இந்த விதி இருக்கிறது.

அந்தப் படிவம் அரபிலும் இங்கிலீஷிலும் இருக்கும். மூன்றாவதாக வேலையாளுக்குப் புரியும் மொழியிலும் பெறலாம். மொத்தம் 11 மொழிகளில் அது கிடைக்கிறது. அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று! ஆகவே, "இங்கிலீஷில் இருந்தது, புரியவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டேன்" என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. தமிழ்ப் படிவம் வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். மகன் படிக்கும்போது அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

"கடிதம் எல்லாம் பிறகு வரும். இப்போது விசிட் விசாவில் போங்கள். அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜெண்டு சொன்னால், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். விசிட் விசா என்பது சுற்றிப் பார்க்கக் கொடுப்பது. அதில் போய் வேலை செய்வது அந்நாட்டில் குற்றம். வேலைக்கான அனுமதி இல்லாதவரை வைத்து வேலை வாங்கும் முதலாளிக்கு 1 லட்சம் திர்ஹாம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டம் கடுமையாக்கப்பட்டது. அப்படி வேலை பார்த்தவர் சம்பளம் கிடைக்கவில்லை என்று புகார் சொல்லப் போனால், தானும் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்பட வேண்டியிருக்கும். ஏமாற்றுகிறவனுக்கு அந்தப் பயமே முதல்!

மொத்தமும் அடிப்படையும்

சம்பளம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்பார்கள். "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்பவர் சிலர்தான். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஏன்? வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் பணிக்கொடை, அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஒரு வருஷமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். முதல் ஐந்து வருஷங்களில் ஒவ்வொரு வருஷத்துக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாள் சம்பளம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு பேருக்கும் மொத்தம் மாதம் 3,000 திர்ஹாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அதில் அடிப்படை 1,500. நாளைக்கு 50 திர்ஹாம். 21 நாளைக்கு 1,050. ஐந்து வருஷத்துக்கு 5,250 திர்ஹாம். இன்னொருவருக்கு அடிப்படை 2,400. நாளைக்கு 80 திர்ஹாம். 21 நாளைக்கு 1,680. ஐந்து வருஷத்துக்கு 8,400 திர்ஹாம். மாதச் சம்பளம் ஒன்றுதான். ஆனால் ஊர் திரும்பும்போது கையில் 3,150 திர்ஹாம் வித்தியாசம்!

வேறு சில விதிகளும் நினைவில் இருக்க வேண்டும். 2022 பிப்ரவரி 2-ந் தேதி முதல் அங்கே புதிய தொழிலாளர் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன்படி, பொதுவாக நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணிதான் வேலை. அதற்கு மேல் வாங்கினால் கூடுதல் சம்பளம் தர வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு உண்டு. ஒரு வருஷம் முடித்தவருக்கு 30 நாள் சம்பளத்துடன் லீவு. தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டு நீக்குவதானாலும், 14 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். பிள்ளை பெறும் பெண்ணுக்கு 60 நாள் லீவு. அதில் 45 நாளைக்கு முழுச் சம்பளம், 15 நாளைக்குப் பாதிச் சம்பளம்.

கடன் வாங்கிப் போகலாமா?

வேலைக்கு ஆள் எடுக்கும் செலவை வேலையாளிடம் வாங்கக் கூடாது என்கிறது அந்நாட்டுச் சட்டம். நேராகவும் வாங்கக் கூடாது. சுற்றி வளைத்தும் வாங்கக் கூடாது.

இங்கே இந்தியாவில், பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கத் தகுந்த கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அது 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி. வரியும்தான். ரசீது கொடுக்க வேண்டும். ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்பதை மத்திய சர்க்காரின் "இமைக்ரேட்" இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். தமிழ்நாடு சர்க்காரே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. அங்கேயும் பெயரைப் பதிவு செய்யலாம்.

அப்படியிருந்தும் லட்சக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு. நகையை அடகு வைத்தும், வட்டிக்கு வாங்கியும் கொடுப்பவர்களும் உண்டு. பணம் போவது மட்டும் அல்ல இதில் உள்ள ஆபத்து. கடனோடு போகிறவரால் "இந்த வேலை வேண்டாம்" என்று சொல்ல முடியாது! சம்பளம் குறைந்தாலும் சகிப்பார். வேலை மாறினாலும் சகிப்பார். வரவேற்பு மேஜை என்று சொல்லி அழைத்துப் போய்ப் பாத்திரம் கழுவ விட்டாலும், ஊரில் ஏறும் வட்டியை நினைத்து வாயை மூடிக்கொள்வார்.

பாஸ்போர்ட்டு யாரிடம்?

வரவேற்பாளர் ஒரு நாளில் எத்தனையோ பேரின் பாஸ்போர்ட்டை வாங்குகிறார். பார்த்து, பதிவு செய்து, உடனே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். விருந்தினரின் பாஸ்போர்ட்டை ஓட்டல் பூட்டி வைத்துக்கொண்டால் அவர் சும்மா இருப்பாரா?

அதே நியாயம் வரவேற்பாளருக்கும் உண்டு. வேலையாளின் பாஸ்போர்ட்டை முதலாளி பறித்து வைத்துக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. விசா பதியும் வேலைக்காகக் கொடுத்தால், வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிவிட வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டு இந்திய சர்க்காரின் சொத்து. யாரும் அதை அடகுப் பொருளாக வைத்துக்கொள்ள முடியாது.

சம்பளம் பாங்கு வழியாக வர வேண்டும் என்ற ஏற்பாட்டை அந்நாடு 2009-ல் கொண்டுவந்தது. தாமதமானால் அமைச்சகத்தின் கண்ணுக்குத் தெரியும். சம்பளம் வரவில்லை என்றால் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். துபாயில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. இந்தியத் தொழிலாளருக்கு ஆலோசனை சொல்லும் உதவி மையமும் இருக்கிறது. ஊரில் உள்ள பெற்றோர், மத்திய சர்க்காரின் "மதத்" இணையதளம் வழியாகவும் முறையிடலாம்.

ஐந்து கேள்விகள்

பிள்ளையை அனுப்பும் குடும்பம் விமானச் சீட்டு வாங்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும்.

ஒன்று: வேலை அளிப்புக் கடிதம் கையில் இருக்கிறதா? அதில் "வரவேற்பாளர்" என்று இருக்கிறதா?

இரண்டு: விசா வேலைக்கான விசாதானா?

மூன்று: அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? தங்கும் இடமும் சாப்பாடும் சம்பளத்தில் பிடிப்பார்களா, தனியாகத் தருவார்களா?

நான்கு: ஏஜெண்டு பதிவு பெற்றவரா? கொடுத்த பணத்துக்கு ரசீது இருக்கிறதா?

ஐந்து: எல்லாக் காகிதத்துக்கும் ஒரு பிரதி வீட்டுப் பெட்டியில் இருக்கிறதா?

ஐந்துக்கும் "ஆம்" என்று பதில் வந்தால் தைரியமாக அனுப்பலாம். ஒன்றுக்கு "பிறகு பார்க்கலாம்" என்று பதில் வந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். ஒரு மாதம் தாமதமானால் நஷ்டம் இல்லை. ஒன்றரை லட்சம் அறைகள் உள்ள ஊரில் வேலை இன்னொரு முறை வரும்.

முன்பின் தெரியாதவர் எவ்வளவு அதட்டினாலும், பதிவில் பெயரைப் பார்க்காமல் வரவேற்பாளர் சாவி கொடுப்பதில்லை. தன் வாழ்க்கையின் சாவியை ஓர் ஏஜெண்டின் கையில் கொடுக்கும்போதும் அதே எச்சரிக்கை வேண்டும். அதைக் கற்றுக்கொண்டு போகிறவர், மேஜைக்குப் பின்னால் மனம்விட்டே சிரிக்கலாம்!